அடவும் அடியும்

நடனம் பழகிய உடம்பு தற்காப்புக் கலைக்குள் வரும்போது பாதி வேலையை முடித்துக்கொண்டுதான் வருகிறது. அதற்கு நிற்கத் தெரியும், தாளத்தோடு அசையத் தெரியும், நீளமான வரிசைகளைப் பிசகாமல் நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியும். மீதிப் பாதிக்கு மட்டும் புதிதாக வருபவரைவிட அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது. புதியவர் கற்றுக்கொண்டால் போதும். நடனக்காரரோ உடம்பில் ஊறிப்போன சிலவற்றை விலக்கிவிட்டுக் கற்க வேண்டும். அதனால் நடனம் உதவுமா, தடுக்குமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை கிடையாது. காலுக்கு ஒரு விடை, கைக்கு ஒரு விடை, கண்ணுக்கு வேறொரு விடை.

இதை ஆராயத் தூத்துக்குடிக் கரையைப் போலப் பொருத்தமான இடம் அரிது. சிலம்பமும் தேவராட்டமும் ஒயிலாட்டமும் பரதமும் ஒரே மாவட்டத்துக்குள் பக்கம் பக்கமாக வாழ்கின்றன. காலையில் சலங்கை கட்டும் பிள்ளையே மாலையில் கம்பு பிடிப்பதும் இங்கே புதுமை அல்ல.

ஒரே மண்ணில் ஆடலும் போரும்

தமிழ் மரபு இவ்விரண்டையும் தொடக்கத்திலிருந்தே ஒட்டி வைத்திருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையில் தேருக்கு முன்னும் பின்னும் ஆடும் முன்தேர்க்குரவை, பின்தேர்க்குரவை என்ற துறைகள் வருகின்றன. வீழ்ந்த மன்னனைச் சூழ்ந்து வாளேந்தி ஆடும் அமலையும் உண்டு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினொரு ஆடல்களில் ஒன்று ‘மல்’. அது மாயோன் வாணனோடு பொருத மற்போரை ஆடிக் காட்டுவது. இன்னொன்று ‘துடி’. சூரனை அழித்தபின் கடல் நடுவே முருகன் ஆடியதாகச் சொல்லப்படுவது அது. அந்தச் சூரசம்ஹாரம் இன்றும் ஆண்டுதோறும் கந்தசஷ்டியின்போது திருச்செந்தூர்க் கடற்கரையில் நிகழ்த்தப்படுகிறது. போரை நினைவுகூர ஆடலைவிடச் சிறந்த வழியை முன்னோர் காணவில்லை.

ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் இந்த உறவுக்கு வரலாற்று முகமும் இருக்கிறது. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை அவர் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பி 1801-இல் கும்பெனிப் படையை எதிர்த்து நின்றார். அந்தப் போர் முடிந்ததும் பாளையங்களில் ஆயுதங்களைக் களையும் ஆணை வந்தது. அதன்பின் வந்த காலத்தில் கம்பு போர்க்களத்தைவிடக் கோயில் கொடையிலும் கல்யாண ஊர்வலத்திலும்தான் அதிகம் சுழன்றது.

கட்டபொம்மன் பிறந்த ராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தின் ஆட்டம் தேவராட்டம். இம்மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டி அதற்குப் பேர்போன ஊர். பாட்டுக் கிடையாது, உறுமியின் ஓசை மட்டும். ஆடுவோர் தலைப்பாகை கட்டி, காலில் சலங்கை அணிந்து, கையில் துணியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். உறுமி அடி மாறினால் முன்னால் நிற்பவரின் கால் மாறும். அதைப் பார்த்த நொடியில் வரிசை முழுவதும் மாறும். குனிவதும் நிமிர்வதும் சட்டென்று திசை திரும்புவதுமாக நீளும் இந்த ஆட்டத்தைப் போர்க்கால ஆட்டமாகவே அச்சமூகம் போற்றி வருகிறது.

இதற்குத் தெற்கே கன்னியாகுமரிக் கரையில் களியலாட்டம் உண்டு. ஆசான் பாடித் தாளமிட, சுற்றி நிற்பவர்கள் குறுங்கழிகளை ஒருவரோடொருவர் தட்டி ஆடுவார்கள். பாட்டு ஏற ஏற வேகம் ஏறும். அங்கே களரி பயிற்றிய ஆசான்களே களியலும் பயிற்றியது உண்டு. கேரளத்தின் கோல்களி, பரிசமுட்டுக்களி ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

கால்: நடனம் தரும் முதல் வரவு

சிலம்பத்தில் கம்புக்கு முன்பே காலைப் பழக்குகிறார்கள். காலடிப் பாடம் சரியாக வராத மாணவன் கையில் வாத்தியார் கம்பைக் கொடுப்பதில்லை. நடனப் பயிற்சியின் பயன் முதலில் தெரிவது இங்கேதான்.

பரதம் கற்றவருக்கு அரைமண்டி பல ஆண்டுப் பழக்கம். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகை நேராக வைத்து நெடுநேரம் நிற்கத் தொடையும் முதுகும் பழகியிருக்கும். புதிதாகச் சிலம்பம் தொடங்குபவருக்குத் தாழ்ந்து நிற்பதே பெரும்பாடு; ஐந்து நிமிடத்தில் தொடை நடுங்கி, இடுப்பு உயர்ந்துவிடும். நடனக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைக் குனிந்து பார்க்காமலே சொல்லவும் அவரால் முடியும். குதித்து மெட்டு அடவில் முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலை இறக்கிப் பழகிய கணுக்கால், பாய்ந்து பின்வாங்கும் காலடிக்கு எளிதில் இசையும்.

ஆனால் அதே அரைமண்டியில் ஒரு தடையும் ஒளிந்திருக்கிறது. நடனத்தில் இரண்டு பாதங்களும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அந்தத் திருப்பம் பார்ப்பவருக்கு முழு உடம்பையும் விரித்துக் காட்டுகிறது. சண்டையில் விரித்துக் காட்டிய உடம்பு எதிராளிக்கு அகன்ற இலக்கு. சிலம்பத்தில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் இருக்க, உடம்பு ஒருக்களித்து நிற்கும். முன்பாதம் எதிராளியை நோக்கியிருக்கும். பல ஆண்டுகள் பக்கவாட்டில் திரும்பிய பாதம் களைப்பு வந்ததும் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. பயிற்சியின் முதல் பத்து நிமிடம் சரியாக நின்றவர் அரைமணி கழித்து அரைமண்டியில் நிற்பதை எந்த வாத்தியாரும் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு நுட்பமான வேறுபாட்டை நாட்டடவில் பார்க்கலாம். நாட்டடவில் ஒரு கால் நீண்டு குதிகால் தரையைத் தொடும். எடை முழுவதும் மடக்கிய மற்றக் காலில் இருக்கும். நீண்ட கால் கோலம் காட்டிவிட்டுத் திரும்பி வரும். சிலம்பத்தில் முன்னே வைத்த கால் தரையைத் தொட்ட மறுகணம் எடையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அடி அந்தக் காலிலிருந்துதான் கிளம்புகிறது: பாதம் தரையை உந்த, இடுப்பு திரும்ப, தோள் தொடர, கடைசியில் கம்பு. நடனக்காரர் காலை அழகாக முன்னே வைப்பார். எடை மட்டும் பின்னாலேயே தங்கிவிடும். அடியில் வேகம் இருந்தும் வலு இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

திரும்பும்போதும் கவனம் தேவை. தட்டடவில் பாதம் முழுவதும் தரையில் பதியும். கம்பைச் சுழற்றியபடி திரும்பும்போது முன்பாதத்தில் எடை வைத்துக் குதிகாலை விடுவிக்க வேண்டும். பாதம் தரையில் ஒட்டியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் விழும். கடற்கரை மணலில் பழகுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்; புதைந்த பாதம் தானாகத் திரும்பாது.

நினைவும் சமநிலையும்

நீண்ட வரிசைகளைக் கற்பதில் நடனக்காரர் மற்றவர்களைவிட வெகு வேகம். ஒரு ஜதியைக் கேட்டுக் காலில் கொண்டுவரவும், வலப்பக்கம் கற்றதை இடப்பக்கம் மாற்றிச் செய்யவும், ஒரே அடவை மூன்று காலத்தில் ஆடவும் பழகியவருக்குச் சிலம்பத்தின் வீச்சு வரிசைகளும் குத்துவரிசையும் சீக்கிரம் பிடிபடும். வாத்தியார் ஒருமுறை செய்து காட்டினால் போதும். இரு கையிலும் சமமாகக் கம்பு சுழற்றுவது பலருக்கு மாதக்கணக்கில் வராது. இருபக்கமும் ஆடிப் பழகியவருக்கு அது விரைவில் கைவரும்.

சுழற்சியில் தலை சுற்றாமல் இருப்பதும் நடனத்தின் கொடை. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாலே நடனமணிகளையும் படகுவலிக்கும் வீராங்கனைகளையும் இருட்டறையில் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள். நின்ற பிறகும் சுற்றுவதுபோன்ற உணர்வு நடனமணிகளுக்குக் குறைவான நேரமே நீடித்தது. மூளையில் அந்த உணர்வைக் கையாளும் பகுதியிலும் வேறுபாடு தெரிந்தது. நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிக் கம்பு வீசும் கலைக்கு இந்தத் திறன் நேரடியாகப் பயன்படும்.

எனினும் பயிற்சி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு எல்லை உண்டு. தார்ன்டைக், வுட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1901-இலேயே இதைச் சுட்டினார்கள்: இரு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எத்தனையோ, அந்த அளவுக்கே முதல் பயிற்சி இரண்டாவதற்கு உதவும். 2005-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பாலே ஆடுபவர்களுக்கும் பிரேசிலின் கப்போயிரா ஆடுபவர்களுக்கும் இரண்டு வகை அசைவுகளின் காட்சிகளையும் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். தாம் பழகிய அசைவைப் பார்க்கும்போதே அவரவர் மூளை கூடுதலாக இயங்கியது. நல்ல நடனக்காரர் எந்த அசைவையும் ஒரே கூர்மையோடு படித்துவிடுவார் என்று நம்புவதற்கு இல்லை. அடி வருவதைக் கண் முன்கூட்டியே கண்டுகொள்ள, அடியைப் பார்த்தும் வாங்கியும் பழகியிருக்க வேண்டும்.

தாளம்: வரவும் செலவும்

சிலம்பமும் ஓசையோடு வளர்ந்த கலைதான். கோயில் கொடையில் உறுமியும் மேளமும் முழங்கக் கம்பு சுழலும்போது ஆட்டக்காரரின் வேகம் அடிக்கு அடி ஏறும். தாளம் மூச்சைச் சீராக்குகிறது. களைப்பை மறக்கச் செய்கிறது. கையும் காலும் பிரிந்து போகாமல் கட்டுகிறது. கம்பு சுற்றத் தெரிந்தும் கால் பின்தங்கிவிடும் மாணவருக்கு வாத்தியார்கள் சொல்லடித்துத் தாளம் கொடுப்பதும் இதனால்தான்.

இருவர் எதிரெதிரே நிற்கும் தொடுமுறையில் அதே தாளம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரே சீராக அடிப்பவரின் அடுத்த அடி எப்போது வரும் என்பதை எதிராளி இரண்டு மூன்று வீச்சிலேயே கணக்கிட்டுவிடுவார். நடனக்காரருக்கோ சமத்தில் வந்து சேர்வது உடம்போடு ஒட்டிய பழக்கம். சண்டையில் சமத்துக்கு முன்போ பின்போ அடிக்கத் தெரிய வேண்டும். புரூஸ் லீ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1958-இல் ஹாங்காங்கில் சா-சா நடனப் போட்டியில் பட்டம் வென்றவர் அவர். அவருடைய குறிப்புகளில் தாளத்தை உடைத்து அடிப்பது பற்றிய பகுதி தனியாக இருக்கிறது. தாளத்தை ஆழமாக அறிந்தவருக்கே அதை எந்த இடத்தில் உடைப்பது என்று தெரியும். பரதத்தில் எடுப்பையும் அதீதம், அநாகதம் ஆகியவற்றையும் புரிந்து ஆடிய மாணவருக்கு இந்தப் பாடம் மற்றவர்களைவிட எளிதாகப் புரியும். புரிந்ததை உடம்புக்குக் கொண்டுவர மட்டும் எதிராளியோடு பழக வேண்டும்.

அவைக்குக் காட்டும் கை

நடனத்தில் ஒவ்வொரு அசைவும் அவைக்கு விளங்க வேண்டும். கை எங்கிருந்து எழுகிறது, எங்கே போய் நிற்கிறது என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். சண்டையில் எதிராளிக்கு எதுவும் முன்கூட்டி விளங்கக் கூடாது. நடனக்காரரின் கை ஓங்கும்போதே எங்கே இறங்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது. கண் கையைத் தொடர்ந்து போகிறது. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது நடனத்தின் அடிப்படைப் பாடம். கம்பின் பின்னால் கண் போனால் எதிராளி பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார்.

முடிக்கும் இடத்திலும் இதே சிக்கல். நாட்டிய சாத்திரம் மேடையில் ஆயுதம் ஏந்தும் முறைகளைப் பாரதம், சாத்வதம், வார்ஷகண்யம், கைசிகம் என்று நான்காக வகுக்கிறது. கூடவே, மேடையில் உண்மையாக வெட்டவோ குத்தவோ இரத்தம் வரச் செய்யவோ கூடாது, குறிப்பால் காட்டினால் போதும் என்கிறது. நடனத்தின் ஆயுதம் உடம்பைத் தொடும் முன்பே நிற்கப் பழகியது. தற்காப்புக் கலையின் அடியோ இலக்கைக் கடந்து போகும் வேகத்தோடு கிளம்ப வேண்டும்; அந்த வேகத்தை அடக்குவது பிறகு கற்கும் பாடம்.

ஒரு சிறு மோதலில் இதைத் தெளிவாகக் காணலாம். எதிராளி தோளைக் குறிவைத்துக் கம்பை வீசுகிறார். நடனம் கற்ற மாணவி தம் கம்பை உயர்த்தித் தடுக்கிறார். முதுகு நேர், முழங்கை நீட்டம், கம்பின் சாய்வு எல்லாம் திருத்தம். தடுத்ததும் அந்த நிலையில் அரைக்கணம் நிற்கிறார், அடவு முடிந்ததுபோல. எதிராளியின் கம்பு தடுத்த இடத்திலிருந்து வழுக்கிக் கீழே இறங்கிக் கணுக்காலைத் தொட்டுவிடுகிறது. தடுப்பில் குறையே இல்லை. தடுப்பு முடிவாகிவிட்டதுதான் குறை. சிலம்பத்தில் தடுக்கும் கம்பு அதே வீச்சில் அடியாக மாற வேண்டும்.

எதிராளி என்னும் பாடம்

மேலே சொன்ன தடைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றே. தனியாடலுக்கு எதிராளி கிடையாது. கூட்டாக ஆடும் ஆட்டத்திலும் பக்கத்தில் இருப்பவர் உதவுபவர். அவர் அடுத்து என்ன செய்வார் என்பது முன்பே முடிவானது. தற்காப்புக் கலையில் எதிரே நிற்பவர் கெடுக்கவே நிற்கிறார். தூரத்தை அவர் மாற்றுகிறார், நேரத்தை அவர் மாற்றுகிறார். எட்டும் தூரம் எது, எட்டாத தூரம் எது என்ற கணக்கை எந்த நடனப் பயிற்சியும் கற்றுத் தராது.

கம்போடு கம்பு பூட்டிக்கொள்ளும்போது கண்ணைவிடக் கைக்கு அதிகம் தெரியும். எதிராளி அழுத்துகிறாரா, விடப்போகிறாரா என்பது கம்பின் வழியே உள்ளங்கைக்கு வந்துவிடும். முத்துக்குளித்த காலத்தில் தோணியில் நின்று கயிறு பிடித்தவர், கீழே இருப்பவரைப் பார்க்காமலே கயிற்றின் அசைவில் அவர் நிலையை அறிந்ததுபோன்ற உணர்வு அது. கேட்டோ பார்த்தோ அது வராது. தொட்டுத் தொட்டுப் பழகத்தான் வரும்.

மூச்சும் அப்படியே. கல்லைக் கட்டி இறங்கிய குளியாட்கள் பத்துப் பாகம் வரை ஆழத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி சேர்த்தார்கள். தூத்துக்குடிக் கடலில் 1961-இல் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது. பதற்றம் மூச்சைத் தின்றுவிடும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். நடனக்காரருக்கு நல்ல மூச்சுக்கட்டு உண்டு. ஆனால் அது பழகிய உருப்படிக்குள் எங்கே இழுப்பது, எங்கே விடுவது என்று தெரிந்த மூச்சு. முதல் அடி விழுந்ததும் அவரும் மற்றவர்களைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். தோள் இறுகுகிறது, கால் நின்றுவிடுகிறது. அடிபடும் அச்சத்தைக் கடப்பது எல்லோருக்கும் பொதுவான படி. நடனம் அதைக் குறைப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை.

சிலம்பத்துக்குள்ளேயே இரு பாதைகள்

நடனமும் சண்டையும் இழுத்துக்கொள்ளும் இந்த இழுபறி சிலம்பத்துக்குள்ளும் இருக்கிறது. அலங்காரச் சிலம்பம் பார்ப்பவருக்காக: வேகச் சுழற்சி, இரட்டைக் கம்பு, தீப்பந்தம், சுருள்வாள். போர்ச் சிலம்பம் எதிராளிக்காக: அடி, தடுப்பு, பூட்டு, பிரிவு. இன்றைய போட்டிகளிலும் வீச்சு தனியாகவும் தொடுமுறை தனியாகவும் நடக்கின்றன. முதலாவதில் நடனம் கற்றவர் எளிதில் முன்னுக்கு வருவார். நிமிர்ந்த முதுகும் தெளிவான கோடுகளும் நடுவர் கண்ணை நிறைக்கும். இரண்டாவதில் அந்த முன்னிலை நீடிப்பதில்லை.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அதற்கு இடம் உண்டு. பிள்ளைகளும் பெற்றோரும் சிலம்பத்தை நாடிவரும் இந்தக் காலத்தில், அழகாகச் சுழற்றுவது மட்டுமே சிலம்பம் என்ற எண்ணம் வேரூன்றிவிடக் கூடாது. இரண்டு பாதையும் சேர்ந்ததே முழுக் கலை.

எதிர்த்திசைப் பயணம்

தற்காப்புக் கலையிலிருந்து நடனத்துக்குப் போன வழி நன்றாகவே செப்பனிடப்பட்டிருக்கிறது. கதகளியின் உடற்பயிற்சியும் மழைக்கால எண்ணெய் உழிச்சிலும் களரியிலிருந்து வந்தவை. சராய்கேலாவின் சௌ நடனம் வாளும் கேடயமும் ஏந்திய பரிகண்டப் பயிற்சியில் வேர்விட்டது. சௌ நடனத்தை யுனெஸ்கோ 2010-இல் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. சென்னையில் வாழ்ந்த சந்திரலேகா பரதம் கற்றவர். அவர் 1985-இல் அரங்கேற்றிய ‘அங்கிகா’ பரதத்தையும் களரியையும் யோகத்தையும் ஒரே மேடையில் கொண்டுவந்தது. உடம்பின் வலுவும் எடையும் நடனத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை.

2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கப்போயிரா இன்னொரு தீர்வைக் காட்டுகிறது. அங்கே வட்டமாக நிற்பவர்கள் பாடி இசைக்க, நடுவில் இருவர் ஆடியபடியே உதைக்கிறார்கள், விலகுகிறார்கள். தாளம் இருக்கிறது, எதிராளியும் இருக்கிறார். எதிராளியை முதல் நாளிலிருந்தே உள்ளே சேர்த்துக்கொண்டால் ஆடலுக்கும் அடிக்கும் பகை இல்லை என்பதற்கு அது வாழும் சான்று.

பயிற்சிக்கு ஏற்ற ஒழுங்கு

நடனம் கற்ற மாணவர் வந்தால் அவருக்கான பாட வரிசையைச் சற்று மாற்றுவது நல்லது. மற்றவர்களுக்கு முதலில் வரிசை, நெடுநாள் கழித்து இணைப் பயிற்சி. இவருக்கு வரிசைகள் எப்படியும் சீக்கிரம் வந்துவிடும். அவற்றைக் குவித்துக்கொண்டே போனால் இன்னொரு நடனம் கற்றதாகவே முடியும். எனவே இணைப் பயிற்சியை முன்னே கொண்டுவரலாம். குட்டையான மென்கம்பு, நிதான வேகம், தோள், முன்கை, கணுக்கால் என்று குறித்த இலக்குகள் போதும்.

பாதத்தின் திசையைப் பயிற்சியின் தொடக்கத்தில் பார்ப்பதைவிடக் களைத்த பிறகு பார்த்துத் திருத்த வேண்டும். முன்வைத்த காலில் எடை இறங்குகிறதா என்பதைப் பின்காலைத் தூக்கச் சொல்லிச் சோதிக்கலாம். ஒவ்வொரு தடுப்புக்கும் பின்னால் ஓர் அடியையும் ஒரு விலகலையும் சேர்த்தே பழக்கினால் நிலையில் உறைந்துபோகும் வழக்கம் குறையும். மேளத்தோடு ஒரு நாள், மேளமில்லாமல் ஒரு நாள், வாத்தியார் வேண்டுமென்றே காலம் மாற்றிக் கொட்டும் ஒரு நாள் என்று பிரித்தால் தாளத்தைப் பிடிக்கவும் விடவும் கால் பழகும். பார்வை எதிராளியின் நெஞ்சில் நிற்க வேண்டும். கம்பு பார்வையின் ஓரத்தில் தெரிந்தால் போதும்.

இரண்டையும் ஒரே காலத்தில் கற்கும் பிள்ளைகளுக்கு இரு வகுப்புகளுக்கும் இடையில் ஓய்வு வேண்டும். அடவில் தரையைத் தட்டிச் சோர்ந்த முழங்காலோடு பாய்ச்சலும் சுழற்சியும் செய்வது காயத்துக்கு வழி. பாதத்தைத் திருப்பும்போது இடுப்பிலிருந்து திருப்பாமல் முழங்காலிலிருந்து முறுக்கும் பழக்கம் இருந்தால், இரண்டு கலைக்கும் சேர்த்து முதலில் அதைத் திருத்த வேண்டும்.

அடவு கற்ற கால் அடி கற்பதற்குத் தடையாவது, கற்பிப்பவர் அதைக் கவனிக்காமல் விடும்போதுதான். நடனத்திலிருந்து சமநிலை, நினைவு, தாளம், பொறுமை ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, தூரம், நேரம், வலு, எதிர்ப்பு ஆகியவற்றைத் தனியாகக் கற்பித்தால், சலங்கை கட்டிய பிள்ளை நல்ல கம்பாட்டக்காரராக வருவதற்குத் தடை ஏதும் இல்லை.